டெல்லூரோமெத்தியோனினைப் புரதத்தில் ஏற்றிக் கட்டமைப்பு காண்பது எப்படி: சென்னை ஆய்வுக்கூடங்களுக்கு ஒரு செய்முறை

மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தின் பக்கச் சங்கிலியில் உள்ள கந்தக அணுவை எடுத்துவிட்டு, தனிம அட்டவணையில் அதே நிரலில் இரண்டு படி கீழே நிற்கும் டெல்லூரியத்தை அங்கே வைத்தால் கிடைப்பது டெல்லூரோமெத்தியோனின். டெல்லூரியத்தைத் தாங்கும் சில பூஞ்சைகளைக் கந்தகமற்ற ஊடகத்தில் வளர்த்தபோது அந்தத் தனிமம் அவற்றின் அமினோ அமிலங்களிலும் புரதங்களிலும் ஏறியிருந்ததை 1989-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. 1994-ல் டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் நொதியின் உட்புதைந்த மெத்தியோனின் இடங்களில் டெல்லூரோமெத்தியோனினை ஏற்ற முடிந்தது. அடுத்த சில ஆண்டுகளில் ஜெர்மனியின் மார்ட்டின்ஸ்ரீட்டில் உள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தில் நெடில்கோ புடிசாவும் அவருடைய சகாக்களும், மனித அனெக்சின் வி புரதத்தைக் கொண்டு, இதை எக்ஸ் கதிர்ப் படிகவியலுக்கான ஒரு வழியாக வளர்த்தெடுத்தனர்.

அதன் பிறகு இந்த முறை பரவலாகவில்லை. கந்தகத்தின் இடத்தில் செலினியம் கொண்ட செலினோமெத்தியோனின் கையாள எளிது, கடையில் கிடைக்கும், வலுவான எக்ஸ் கதிர் தரும் பெரிய முடுக்கிகளான சிங்க்ரோட்ரான் நிலையங்களும் பெருகின. எனவே யாரும் டெல்லூரியத்தோடு மல்லுக்கட்ட வேண்டிய தேவை எழவில்லை. ஆயினும் சிங்க்ரோட்ரான் நேரத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கும், ஆனால் தன் துறையிலேயே செம்பு நேர்முனை கொண்ட எக்ஸ் கதிர்க் கருவி இருக்கும் ஆய்வு மாணவருக்கு, டெல்லூரியம் இன்றும் நல்ல தேர்வு என்பது என் கருத்து. கீழே வரும் செய்முறை அப்படிப்பட்டவருக்கானது. புரதத்தை ஈ.கோலையில் உருவாக்கவும் தூய்மைப்படுத்தவும் படிகமாக்கவும் அவருக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு

எக்ஸ் கதிர்ப் படத்தில் கிடைப்பது புள்ளிகளின் செறிவு மட்டுமே. ஒவ்வோர் அலையின் கட்டம், அதாவது அதன் முகடு எங்கே விழுகிறது என்பது, பதிவாவதில்லை; அது இல்லாமல் கட்டமைப்பைக் கணக்கிட முடியாது. ஓர் அணு கதிரை ஓரளவு உறிஞ்சுவதால் அதன் சிதறலில் ஏற்படும் வழக்கத்துக்கு மாறான மாற்றத்தை, அதாவது அனாமலஸ் சிதறலைக் கொண்டு அந்தக் கட்டத்தைக் கணிக்கலாம் என்பதை 1956-ல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதியவர்கள் ஜி. என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும், ராமச்சந்திரன் அப்போது சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறையின் தலைவர். அந்தக் கோட்பாட்டின்படி நமக்கு வேண்டியது, நம்மிடம் உள்ள அலைநீளத்தில் வலுவாக அனாமலஸ் சிதறல் தரும் ஓர் அணு. அந்த வலுவை எஃப் டபுள் பிரைம் என்ற எண்ணால், எலக்ட்ரான் அலகில், குறிக்கிறோம்.

செம்பின் கே-ஆல்ஃபா கதிரில், அதாவது 1.54 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில், இந்த எண் கந்தகத்துக்குச் சுமார் 0.56, செலினியத்துக்குச் சுமார் 1.14, டெல்லூரியத்துக்குச் சுமார் 6.4. செலினியத்தின் பலம் முழுவதும் அதன் கே விளிம்பான (அணு கதிரை உறிஞ்சுவது திடீரெனக் கூடும் இடம்) 0.979 ஆங்ஸ்ட்ராமில்தான் இருக்கிறது. அங்கே போக அலைநீளத்தை மாற்ற வல்ல சிங்க்ரோட்ரான் வேண்டும். டெல்லூரியத்தின் நிலை நேர் எதிரானது. அதன் கே விளிம்பு 31.8 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் இருப்பதால் சிங்க்ரோட்ரான்களில் புரதத்துக்கென உள்ள வழக்கமான கற்றைத்தடங்கள் அதை எட்டுவதில்லை. எல் விளிம்புகளோ 4.3 முதல் 4.9 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை, மறுபக்கத்தில் உள்ளன. ஆனால் செம்பின் 8 கிலோ எலக்ட்ரான் வோல்ட், அந்த எல் விளிம்புகளுக்குச் சற்று மேலே, சிதறல் இன்னும் வலுவாக இருக்கும் இடத்தில் அமைந்திருக்கிறது.

இதை உங்கள் புரதத்துக்குப் பொருத்திப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. உதாரணமாக 150 அமினோ அமில எச்சங்களும், அவற்றில் இரண்டு மெத்தியோனின்களும் உள்ள புரதம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எச்சத்துக்கு ஏறத்தாழ 7.8 வீதம், ஹைட்ரஜன் அல்லாத அணுக்கள் 1170. அதன் வர்க்கமூலம் 34.2. அதைப் புரத அணுவின் சராசரிச் சிதறலான 6.7-ஆல் பெருக்கினால் 229. இது வகுக்கும் எண். வகுபடும் எண்ணுக்கு, இரண்டின் வர்க்கமூலத்தை அனாமலஸ் அணுக்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தாலும் எஃப் டபுள் பிரைமாலும் பெருக்க வேண்டும். டெல்லூரியத்துக்கு அது 12.8. ஆக எதிர்பார்க்கும் அனாமலஸ் வேறுபாடு 5.6 விழுக்காடு. அதே இடங்களில் செலினியம் இருந்தால் 1 விழுக்காடு, கந்தகம் மட்டும் இருந்தால் அரை விழுக்காடு. தரவின் பிழையே மூன்று நான்கு விழுக்காடு இருக்கக்கூடிய ஒரு துறைக் கருவியில், இந்த வித்தியாசம்தான் வேலை நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கும். டெல்லூரியம் பாதி மூலக்கூறுகளில் மட்டுமே ஏறியிருந்தாலும் 2.8 விழுக்காடு கிடைக்கும் என்பதையும் குறித்துக்கொள்ளவும். முழுமையாக ஏறாவிட்டால் எல்லாம் போயிற்று என்று பதற வேண்டியதில்லை.

இந்தோரில் உள்ள இந்தஸ்-2 சிங்க்ரோட்ரானின் புரதப் படிகவியல் கற்றைத்தடத்தில் உங்களுக்கு நேரம் ஏற்கெனவே ஒதுக்கப்பட்டிருந்தால் இந்தக் கட்டுரையை இத்தோடு மூடிவிட்டுச் செலினோமெத்தியோனினைப் பயன்படுத்தவும். விளிம்பில் செலினியம் தரும் சமிக்ஞை செம்பில் டெல்லூரியம் தருவதற்கு ஏறக்குறைய சமம்; தொல்லை பத்தில் ஒரு பங்கு.

மெத்தியோனின்களை எண்ணும்போது தொடக்க மெத்தியோனினைச் சேர்க்கக் கூடாது. இரண்டாவது எச்சம் கிளைசின், அலனின், செரின் போன்ற சிறிய ஒன்றாக இருந்தால் ஈ.கோலையே முதல் மெத்தியோனினை வெட்டி எறிந்துவிடும். வெட்டாமல் விட்டாலும் அந்த முனை பெரும்பாலும் படிகத்தில் ஒழுங்கின்றி அசைந்துகொண்டிருக்கும். உட்புதைந்த மெத்தியோனின்களே உண்மையான மூலதனம். அவை அசையாமல் இருக்கும், ஆக்சிஜனும் அவற்றை எளிதில் நெருங்காது. மேற்பரப்பில் மட்டுமே மெத்தியோனின் உள்ள புரதமானால், உள்ளே இருக்கும் ஒரு லியூசினையோ ஐசோலியூசினையோ மெத்தியோனினாக மாற்றிய வடிவத்தை முதலில் உருவாக்கிப் பார்ப்பது நல்லது.

அமினோ அமிலத்தைப் பெறுதல்

டெல்லூரோமெத்தியோனின் வழக்கமான வேதிப்பொருள் பட்டியல்களில் கிடைக்கும் சரக்கல்ல. கரிம வேதியியல் துறையில் கூட்டாளி ஒருவர் வேண்டும். வழக்கமான வழி, டெல்லூரியத் தூளை மெத்தில் லித்தியத்தோடு வினைபுரியச் செய்து மெத்தில் டெல்லூரோலேட்டை உண்டாக்கி, நுனியில் புரோமின் கொண்ட நான்கு கார்பன் அமினோ அமிலத்தோடு அதை இணைப்பது. மந்த வாயுவில் வேலை செய்யப் பழகியவர்தான் இதைச் செய்ய வேண்டும். உயிரியல் மாணவர் யூடியூப் பார்த்து முயலும் காரியம் அல்ல. ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான எல், டி வடிவங்களில் எல் வடிவம் மட்டுமே புரதத்தில் ஏறும். எனவே கையில் கிடைப்பது டிஎல் கலவையானால் எடையை இரட்டிப்பாகக் கணக்கிடவும்.

பொடி கைக்கு வந்ததும் இரண்டு சோதனைகள் போதும். நிறை நிறமாலையில் 248-ல் மிக உயர்ந்த முகடும், 246-ல் அதைவிடச் சற்றே தாழ்ந்ததும், 244-ல் அதனினும் தாழ்ந்ததுமாக ஒரு படிக்கட்டு தெரிய வேண்டும். டெல்லூரியத்துக்கு இயற்கையில் எட்டு ஐசோடோப்புகள்; அவற்றில் 130, 128, 126 ஆகிய மூன்றும் சேர்ந்து 84 விழுக்காட்டுக்கு மேல். இந்த வடிவத்தைப் போலியாக வேறெதுவும் காட்டாது. இரண்டாவது, கார்பன் என்எம்ஆர். டெல்லூரியத்தோடு ஒட்டிய மெத்தில் கார்பன், கன அணுவின் விளைவால், பூஜ்ஜியத்துக்கும் கீழே எதிர்மப் பக்கத்தில் தோன்றும். மெத்தியோனினில் அதே கார்பன் 15 பிபிஎம் அருகில் இருப்பதால் குழப்பத்துக்கு இடமில்லை.

பொடியைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து, ஆர்கான் நிரப்பிய பழுப்புக் குப்பிகளில் அடைத்து, மைனஸ் 20 டிகிரியில் வைக்கவும். ஒரு முறை திறந்த குப்பியை மறுபடி மூடிச் சேமிக்கும் சிக்கனம் இங்கே வேண்டாம். குப்பியைக் குளிரிலிருந்து எடுத்தவுடன் திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் பொடியின்மேல் இறங்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை உலர்கலத்தில் வைத்துவிட்டுத் திறக்கவும். ஆர்கான் உருளை வாங்கும்போது 99.999 விழுக்காடு தூய்மை என்று தெளிவாக எழுதிக் கேட்கவும். வெல்டிங் பட்டறைகளுக்குப் போகும் ஆர்கானையே விநியோகஸ்தர் அனுப்பிவிட்டால், அதில் உள்ள ஆக்சிஜன் உங்கள் உழைப்பைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

பாதுகாப்பு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். டெல்லூரியச் சேர்மங்கள் நச்சு. உடலுக்குள் மிகச் சிறிதளவு போனாலும் அது டைமெத்தில் டெல்லூரைடாக மாறி மூச்சில் பூண்டு நாற்றமாக வெளிவரும். அந்த நாற்றம் நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில், நீடிக்கும். மதியம் பூண்டுக் குழம்பு சாப்பிட்டு வந்தவர் மீது பழி போடலாம்தான், ஆனால் ஆய்வுக்கூடத்தில் அந்த வாசனை எழுந்தால் முதலில் வேலையை நிறுத்திவிட்டுக் கசிவைத் தேட வேண்டும். எடை போடுவது, கரைப்பது, செல் உடைப்பது எல்லாம் புகைப்பெட்டிக்குள், நைட்ரைல் கையுறையுடன். மறுசேர்க்கை டிஎன்ஏ வேலை என்பதால் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியில் டெல்லூரியத்தின் பெயரையும் சேர்த்துக்கொள்ளவும். கழிவு ஊடகத்தை ஆட்டோகிளேவ் செய்து தொட்டியில் ஊற்றும் வழக்கம் இங்கே கூடாது; ஆட்டோகிளேவின் சூட்டில் ஆவியாகும் டெல்லூரைடுகள் அறை முழுவதும் பரவும். செல்களை வேதிமுறையில் கொன்று, தனிக் கேனில் சேர்த்து, கன உலோகக் கழிவாகக் கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவு மையத்துக்குப் போகும் சரக்கோடு ஒப்படைக்கவும்.

செல் வளர்ப்பு

டெல்லூரோமெத்தியோனினில் ஈ.கோலை வளராது. செலினோமெத்தியோனினைச் செல்கள் ஓரளவு சகித்துக்கொண்டு பெருகும். டெல்லூரியத்தை அப்படிச் சகிப்பதில்லை. எனவே செல்களை முதலில் சாதாரண மெத்தியோனினில் வளர்த்து, அது தீர்ந்து அவை பட்டினியில் நிற்கும்போது டெல்லூரோமெத்தியோனினைக் கொடுத்து, அதே நேரத்தில் நமது புரதத்தின் உற்பத்தியைத் தூண்ட வேண்டும். பெருக்கம் ஒரு கட்டம், புரத உற்பத்தி வேறொரு கட்டம் என்று பிரிப்பதே இம்முறையின் உயிர்.

இதற்கு மெத்தியோனினைத் தானே செய்துகொள்ள முடியாத பி834(டிஇ3) போன்ற ஈ.கோலை வகை வேண்டும். வழக்கமான பிஎல்21-ல் மெத்தியோனின் உற்பத்தியை மற்ற அமினோ அமிலங்களால் அடக்கிச் செலினியத்தை ஏற்றுவது உண்டு. ஆனால் செல் தானாகச் செய்யும் சிறிதளவு மெத்தியோனின்கூட டெல்லூரியத்தை எளிதில் முந்திக்கொள்ளும் என்பதால் அந்தக் குறுக்கு வழி இங்கே உதவாது.

மெத்தியோனின் எவ்வளவு கொடுத்தால் எந்த அடர்த்தியில் செல்கள் நிற்கும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளவும். எம்9 என்ற எளிய உப்பு ஊடகத்தில் குளுக்கோஸ், மெக்னீசியம், தயமின், மற்ற 19 அமினோ அமிலங்கள் ஆகியவற்றைச் சேர்த்து, மெத்தியோனினை 0.03, 0.05, 0.08 மில்லிமோலார் என மூன்று குடுவைகளில் வைத்து 37 டிகிரியில் வளர்த்து, அரை மணிக்கு ஒரு முறை 600 நானோமீட்டரில் ஒளியடர்த்தியைப் பார்க்கவும். 0.05 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 7.5 மில்லிகிராம், பெரும்பாலும் ஒளியடர்த்தியை 1-ஐ ஒட்டிய இடத்தில் நிறுத்தும். முன்வளர்ப்பை எல்பி என்ற சத்து மிகுந்த ஊடகத்தில் செய்திருந்தால் செல்களை இரண்டு முறை எம்9-ல் கழுவாமல் ஊற்றக் கூடாது. அந்த எல்பியோடு வரும் மெத்தியோனினே கணக்கைக் குலைத்துவிடும்.

அசல் வளர்ப்பில், ஒளியடர்த்தி உயர்வது நின்ற பிறகும் மேலும் அரை மணி நேரம் காத்திருந்து செல்களுக்குள் மிச்சமிருக்கும் மெத்தியோனினையும் தீர விடவும். பொறுமை இல்லாதவர்கள் தவறும் இடம் இது. வளைவு சற்றே சாய்ந்ததுமே டெல்லூரியத்தைச் சேர்த்துவிட்டால், முதலில் உருவாகும் புரதம் முழுவதும் கந்தகத்தோடு வரும். பின்னர் எவ்வளவு முயன்றாலும் அந்தக் கலப்பைப் பிரிக்க முடியாது. காத்திருக்கும் அரை மணியில் ஷேக்கரின் வெப்பத்தை 30 டிகிரிக்குக் குறைக்கவும். ஏப்ரல், மே மாதங்களில் அறையே 34, 35 டிகிரியில் இருக்கும்போது, குளிரூட்டும் வசதியில்லாத ஷேக்கர் திரையில் 30 என்று காட்டிக்கொண்டே 36-ல் சுற்றும். குடுவைக்குள் வெப்பமானியை வைத்துப் பார்க்காமல் நம்ப வேண்டாம்.

அந்த நேரத்தில் அமினோ அமிலக் கரைசலைத் தயாரிக்கவும். நீரை வெற்றிடத்தில் காற்று நீக்கி, அதன் வழியே ஆர்கானை 20 நிமிடம் குமிழியிடச் செய்து, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் ஒடுக்கியான டிடிடி சிறிது சேர்த்து, அதில் பொடியைக் கரைத்து, வடிகட்டி வழியே நேராகக் குடுவைக்குள் செலுத்த வேண்டும். இறுதிச் செறிவு 0.2 முதல் 0.3 மில்லிமோலார், எல் வடிவத்தில் லிட்டருக்கு 50 முதல் 75 மில்லிகிராம். மொத்தத்தையும் ஒரேயடியாக ஊற்றாமல் பாதியை இப்போதும் மீதியை ஒன்றரை மணி கழித்தும் கொடுப்பதே என் விருப்பம். செல்களுக்குக் காற்று வேண்டும், டெல்லூரோமெத்தியோனினுக்குக் காற்று ஆகாது. குடுவையில் அது நிற்கும் நேரத்தைக் குறைப்பது ஒன்றே நம்மால் முடிந்த சமரசம். பத்து நிமிடம் கழித்து புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 1 மில்லிமோலார் அளவில் சேர்த்து, நான்கு மணி நேரத்துக்குள் அறுவடை செய்துவிடவும். இரவு முழுவதும் ஓடவிட்டுக் காலையில் வந்து பார்ப்பது இந்த வேலைக்கு ஒத்துவராது.

மையவிலக்கிய செல் படிவின் நிறத்தைக் கவனிக்கவும். இளம் பழுப்பில் இருந்தால் நல்லது. சாம்பல் பூத்தோ கருத்தோ இருந்தால் அமினோ அமிலம் சிதைந்து டெல்லூரியம் தனிமமாகப் படிந்திருக்கிறது என்று பொருள். அப்போதும் தூக்கி எறிய வேண்டாம். உள்ளே நல்ல புரதமும் இருக்கலாம். நிறை நிறமாலை சொல்லட்டும்.

தூய்மைப்படுத்தல்

வழக்கமான நெறிமுறையில் எத்தனை படிகளைக் குறைக்க முடியுமோ அத்தனையையும் குறைக்கவும். எல்லாத் தாங்கற்கரைசல்களையும் அன்று காலையிலேயே காற்று நீக்கி ஆர்கானால் நிரப்பி, பனிக்கட்டியில் வைக்கவும். ஒடுக்கியைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். டிடிடியின் ஆயுள் பிஎச்சைப் பொறுத்தது: 20 டிகிரியில் பிஎச் 6.5-ல் அதன் அரையாயுள் சுமார் 40 மணி, 7.5-ல் 10 மணி, 8.5-ல் ஒன்றரை மணிக்கும் குறைவு. காலையில் பிஎச் 8.5 கரைசலில் டிடிடி போட்டுவிட்டு மாலையில் அதைக்கொண்டு புரதத்தைக் கழுவுபவர், ஒடுக்கியே இல்லாத நீரால் கழுவுகிறார். நிக்கல் ரெசின் பயன்படுத்தும் கட்டத்தில் டிடிடி உலோகத்தைக் குலைத்துப் பழுப்பாக்கும் என்பதால் அங்கே டிசெப் என்ற வேறோர் ஒடுக்கியை 1 மில்லிமோலார் போடவும்; டிசெப் பாஸ்பேட் கரைசலில் நிலைப்பதில்லை, ஆகவே டிரிஸ் அல்லது ஹெப்பெஸ் தாங்கற்கரைசல். ரெசினிலிருந்து புரதம் இறங்கியதும் 1 மில்லிமோலார் ஈடிடிஏ சேர்த்தால், அது கசிந்து வந்த நிக்கல் அயனிகளை ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டாமல் பிடித்துக்கொள்ளும். குழாய்களைச் சுற்றி அலுமினியத் தாளைச் சுற்றவும். கரிம டெல்லூரியச் சேர்மங்களுக்கு வெளிச்சமும் பகை.

நிக்கல் ரெசினில் ஒட்டுவதற்காகப் புரதத்தோடு சேர்த்த ஹிஸ்டிடின் வாலை வெட்டுவதற்காக இரவு முழுவதும் புரோட்டியேஸில் ஊறவைப்பது வழக்கமாக இருந்தால், வாலோடே படிகமாகும் வடிவம் ஒன்றை முன்கூட்டியே தேடி வைத்திருப்பது எவ்வளவு பெரிய உபகாரம் என்பது இந்தக் கட்டத்தில்தான் விளங்கும்.

அன்றே நிறை பார்க்கவும்

படிகத் தட்டில் துளி வைப்பதற்கு முன் புரதத்தின் நிறை தெரிந்திருக்க வேண்டும். கந்தகத்துக்குப் பதில் டெல்லூரியம் ஏறிய ஒவ்வோர் இடத்துக்கும் சராசரி நிறை 95.5 டால்டன் கூடும். நமது உதாரணப் புரதத்தில் இரண்டும் ஏறியிருந்தால் 191, ஒன்று மட்டும் ஏறியிருந்தால் 95.5. அதற்கு மேல் 16 டால்டன் கூடிய முகடு தெரிந்தால் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. புதிய டிடிடியோடு உடனே ஒரு மணி நேரம் வைத்து மறுபடி பார்க்கவும். முழுப் புரதத்தின் முகடு, ஐசோடோப்புகளின் பரவலால், சாதாரணப் புரதத்தினுடையதைவிட அகன்று தெரிவது இயல்பு.

டிரிப்சினால் வெட்டிய பெப்டைடுகளைப் பார்ப்பவர் 95.5 என்ற எண்ணைக் கொண்டு தேடக் கூடாது. அங்கே ஐசோடோப்புகள் தனித்தனியாகத் தெரியும். மிக மிகுதியான டெல்லூரியம் 130-ஐக் கொண்டு கணக்கிட்டால் வித்தியாசம் 97.93. மென்பொருளில் இந்த மாற்றத்தைத் தனியாகப் பதிவு செய்யாவிட்டால் அது பெப்டைடையே அடையாளம் காணாமல் கடந்துபோகும். எந்த மெத்தியோனினில் ஏறியது, எதில் ஏறவில்லை என்பதைப் பெப்டைடுதான் சொல்லும். ஆகவே கருவி நேரம் கிடைத்தால் இரண்டையும் செய்யவும். மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே ஏறியிருந்தால் படிகத்துக்குப் போகாமல், மெத்தியோனின் தீரும் கட்டத்துக்குத் திரும்பிப் போவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

படிகமும் தரவும்

டெல்லூரியப் புரதத்தைத் தயாரிக்கும் முன்பே, சாதாரணப் புரதத்தின் படிக நிபந்தனை கைக்கு அடங்கியிருக்க வேண்டும். புதிய நிபந்தனைகளைத் தேடி நூற்றுக்கணக்கான துளிகள் வைக்கும் அவகாசம் இந்தப் புரதத்துக்கு இல்லை. சாதாரணப் படிகங்களை நசுக்கி விதையாக்கி, நீர்த்தேக்கக் கரைசலில் புதிதாக 5 மில்லிமோலார் டிடிடி சேர்த்து, விதைத்த துளிகளை வைத்தால் பெரும்பாலும் சில நாட்களில் படிகம் வரும். தட்டை ஆர்கான் நிரப்பிய பையில் அடைத்து 18 டிகிரி இன்குபேட்டரில் வைக்கவும். அந்த இன்குபேட்டர் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது நல்லது. கோடையில் இரண்டு மணி நேர மின்தடை துளியின் வெப்பத்தைப் பத்து டிகிரி ஏற்றிவிடும்.

அளவு போதும் என்று தோன்றியதும் இன்னும் பெரிதாகட்டும் என்று காத்திராமல், 20 முதல் 25 விழுக்காடு கிளிசரால் சேர்த்த கரைசலில் நனைத்துத் திரவ நைட்ரஜனில் உறைய வைக்கவும். 100 கெல்வினில் ஆக்சிஜனேற்றம் நின்றுவிடும். அதன் பின் அவசரமில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் இந்த வேலையைச் செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நவம்பர் மாதக் காற்றில் உள்ள ஈரம் திறந்த திரவ நைட்ரஜனில் பொடிப் பனியாக விழுந்து, வளையத்தில் ஒட்டி, தரவில் பனி வளையங்களாகத் தெரியும். சிறிய வாயுள்ள கலத்தையே பயன்படுத்தி, நைட்ரஜனை அடிக்கடி மாற்றி, அறையின் ஏசியை முன்கூட்டியே ஓடவிட்டு ஈரத்தைக் குறைத்துக்கொள்ளவும்.

தரவு சேகரிப்பில் தாராளமாக இருக்க வேண்டும். துறைக் கருவியின் கதிர் மென்மையானது என்பதால் படிகம் நெடுநேரம் தாங்கும். அந்த வசதியைப் பயன்படுத்தி, 360 டிகிரி சுற்றி முடித்த பின் படிகத்தின் சாய்வை மாற்றி மறுபடியும் சுற்றவும். ஒரே புள்ளியைப் பல கோணங்களில் பத்து, பதினைந்து முறை அளந்தால்தான் அந்த ஐந்து விழுக்காடு பிழைக்கு மேலே எழுந்து நிற்கும். டெல்லூரியத்தின் இடங்களைத் தேடும்போது, மென்பொருள் ஷெல்எக்ஸ்டி ஆனாலும் ஃபீனிக்ஸ் ஆனாலும், படிகம் எவ்வளவு தூரம் சிதறுகிறதோ அதே எல்லையைக் கொடுக்காமல், அனாமலஸ் சமிக்ஞை மங்கும் இடத்தில் வெட்டவும். 2 ஆங்ஸ்ட்ராம் தரவானாலும் தேடலை 2.5 அல்லது 3-ல் நிறுத்துவது சாதாரணம். கிடைத்த இடங்களையும் அவற்றின் கண்ணாடிப் பிம்பத்தையும், அதாவது இரண்டு கைத்திசைகளையும், ஓட்டிப் பார்த்து, எதில் வரைபடம் சங்கிலியாகத் தெளிகிறதோ அதை எடுத்துக்கொள்ளவும்.

அதே நிபந்தனையில் எடுத்த சாதாரணப் படிகத்தின் தரவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும். அதை வீணாக்க வேண்டாம். கந்தகத்துக்கும் டெல்லூரியத்துக்கும் 36 எலக்ட்ரான் வித்தியாசம். செலினியத்துக்கோ 18 மட்டுமே. அலகுக் கூடுகள் ஒத்துப்போனால், அனாமலஸ் வேறுபாட்டோடு இந்த இணைவடிவ வேறுபாட்டையும் சேர்த்துக் கட்டத்தைக் கணிக்கலாம். அனாமலஸ் தரவு மட்டும் கொடுத்தால் எஞ்சும் இரட்டைத் தீர்வை இது பெருமளவு உடைத்துவிடும்.

மாதிரியைக் கட்டும்போது, மெத்தியோனினின் கந்தகத்துக்குப் பதில் டெல்லூரியத்தை வைத்துவிட்டுப் பழைய பிணைப்பு நீளங்களையே விட்டுவிடக் கூடாது. கந்தகம்–கார்பன் பிணைப்பு 1.8 ஆங்ஸ்ட்ராம், டெல்லூரியம்–கார்பன் ஏறக்குறைய 2.15. அந்த இடங்களில் எத்தனை பங்கில் டெல்லூரியம் இருக்கிறது என்ற இருப்பு விகிதத்தை 1 என்று பூட்டாமல் நிறை நிறமாலை சொன்ன எண்ணிலிருந்து தொடங்கிச் சீராக்கவும். கட்டங்கள் கிடைத்து மாதிரி நிலைத்ததும், இறுதிச் சீராக்கலைச் சாதாரணப் படிகத்தின் தரவில் செய்து அதையே வெளியிடுவது பெரும்பாலும் சிறந்தது. டெல்லூரியப் படிகத்தின் வேலை கட்டத்தைத் தந்ததோடு முடிந்தது.

படிகம் வேண்டாத செல் உயிரியலாளர்களும் டெல்லூரியத்தைப் பற்றிக் கேட்பதுண்டு. அவர்களுக்கு டெல்லூரோமெத்தியோனின் பொருந்தாது. கனடாவின் டொரண்டோவில் மார்க் நிட்ஸ் குழுவினர் ஃபீனைல் அலனினின் வளையத்துக்குப் பதில் டெல்லூரோஃபீன் வளையத்தை வைத்து ஆக்கிய டெஃபீ என்ற அமினோ அமிலம், நறுமண வளையத்துக்குள் டெல்லூரியம் அடங்கியிருப்பதால், காற்றைப் பெரிதும் தாங்கும். செல்களில் ஃபீனைல் அலனினின் இடத்தில் ஏறும். செல்லில் இயல்பாக டெல்லூரியம் இல்லாததால், ஒவ்வொரு செல்லிலும் உள்ள தனிமங்களை நிறையைக் கொண்டு அளக்கும் நிறை சைட்டோமெட்ரி கருவியில் தெரியும் ஒவ்வோர் அணுவும் புதிதாக உருவான புரதத்தைக் காட்டும். விலங்கின் உடலுக்குள்ளும் இவ்வாறு புரத உற்பத்தியைத் தொடர முடியும் என்பதை 2019-ல் அவர்கள் வெளியிட்டனர். அந்த வேலைக்குப் பட்டினி போட்ட பி834 செல்களும் வேண்டாம், ஆர்கான் பைகளும் வேண்டாம். ஃபீனைல் அலனின் குறைந்த ஊடகமும், நிறை சைட்டோமீட்டர் உள்ள ஒரு கூட்டாளி ஆய்வுக்கூடமும் இருந்தால் தொடங்கலாம்.